சிறு பாம்பும் பெரும் பொறுப்பும்

ஆண்டு மலருக்குக் கட்டுரையொன்று வேண்டுமென மலர்க்குழுவினர் கேட்டபொழுது, 'காலந்தவறாமை', 'தாய்மொழிப் பற்று' என்பன போன்ற தலைப்புகளே முதற்கண் என் நினைவில் எழுந்தன. அவை யாவும் எழுதப்பட வேண்டியவையே. ஆயினும், இவ்வாண்டு மாணவன் ஒருவன் என்னிடம் கேட்ட கேள்வி எனக்குப் பல நாள் உறக்கத்தைக் கெடுத்தது. ஆதலின் அதனைப் பற்றியே எழுதத் துணிந்தேன்.

ஆயர் ஈத்தாம் அடுக்குமாடி வீடொன்றில் வாழும் ஐந்தாம் ஆண்டு மாணவன் அவன். ஒரு நாள் இடைவேளையில் என்னை அணுகி, "ஐயா, எனக்குப் பாம்பு ஒன்று வாங்கித் தருவதாக அப்பா சொல்லியிருக்கிறார். பாட்டிதான் வேண்டவே வேண்டாம் என்கிறார். நீங்கள் சொன்னால் பாட்டி கேட்பார்" என்றான். கையில் ஒரு படமும் வைத்திருந்தான். உள்ளங்கையளவில் சுருண்டு கிடந்தது, தென்னமெரிக்கப் போவாவின் குட்டி ஒன்று. பழுப்பு நிற உடலில் சேணம் இட்டாற்போன்ற பட்டைகள். பார்க்க அழகாகத்தான் இருந்தது.

பாட்டியின் பக்கம் பேசுவதா, பேரனின் பக்கம் பேசுவதா? எண்ணிப் பார்த்ததில், இருவர் சொல்வதிலும் பாதி உண்மை இருப்பதாகவே எனக்குத் தோன்றிற்று.

'பாம்பென்றால் படையும் நடுங்கும்' என்னும் பழமொழியைச் சொல்லாத தமிழ் வீடு இல்லை. அதே வீட்டில் புற்றுக்குப் பால் வார்க்கும் வழக்கமும் உண்டு. (பாம்புக்குப் பால் உணவன்று என்பதை இவ்விடத்துச் சொல்லி வைக்கிறேன், பாட்டிமார் பொறுத்தருள்க.) அஞ்சுவதும் வணங்குவதுமாகவே நாம் பாம்போடு பழகி வந்துள்ளோம், அறிந்துகொள்ள முற்பட்டோர் குறைவு. நம் பினாங்குத் தீவிலேயே, பாயான் லெப்பாசில், பத்தொன்பதாம் நூற்றாண்டில் கட்டப்பட்ட சீனர்களின் பாம்புக் கோயில் உள்ளது. ஆங்கே மரக்கிளைகளில் அசைவின்றிக் கிடப்பவை நச்சுப் பற்கள் கொண்ட குழிவிரியன்கள். அவை பகலில் அசைவற்றுக் கிடப்பது அவற்றின் இயல்பு. அதனைச் 'சாது' என்று கொண்டு கைந்நீட்டுவோர் அறியாமையால் துணிந்தவர்கள். பாட்டியோ அறியாமையால் அஞ்சுகிறார்.

பையன் கேட்ட போவா நச்சுப் பாம்பன்று. இரையைச் சுற்றி வளைத்து இறுக்கிக் கொன்று விழுங்கும் இனம் அது. நம் மலைப்பாம்பும் அவ்வாறே செய்யும். ஆனால் மலைப்பாம்பு முட்டையிடும். போவாக்களுள் பெரும்பாலானவை குட்டி ஈனும். எனவே நஞ்சைப் பற்றிய கவலை பாட்டிக்கு வேண்டுவதில்லை. கவலைப்பட வேண்டியது அதன் அளவைப் பற்றியே.

கடையில் இருக்கும் போவாக் குட்டி ஏறத்தாழ ஒன்றரை அடி நீளமே இருக்கும். மூன்று நான்கு ஆண்டுகளில் அது ஆறடியைத் தாண்டிவிடக் கூடும். நன்கு வளர்ந்த பெண் போவா பத்தடி வரையிலும் நீளும். ஒரு சிறுவனால் தனியே தூக்க இயலாத எடையை எட்டும். நல்ல பராமரிப்பில் இருபது ஆண்டுகளுக்கு மேலும், சில வேளைகளில் முப்பது ஆண்டு வரையிலும் வாழும். பதினொரு வயதில் அதனை வாங்கும் சிறுவன் கல்லூரி முடித்து, வேலைக்குச் சென்று, மணம் முடித்து, தன் பிள்ளையைத் தமிழ்ப்பள்ளியில் சேர்க்கும் நாளிலும் அது உயிரோடிருக்கும். நாய்க்குட்டி வாங்குவோர் கூட இவ்வளவு நீண்ட கணக்குப் போட வேண்டியதில்லை. பாம்பை அதன் குட்டிப் பருவம் கண்டு வாங்குவது, ஆலங்கன்றைப் பூந்தொட்டியில் நட்டு வைத்து, அழகாயிருக்கிறது என்று மகிழ்வதை ஒக்கும்.

ஆகவே, பாம்புதான் வேண்டுமென்று ஒருவர் உறுதியாக நின்றால், சிறிய இனத்தையே தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது என் கருத்து. போவாக் குடும்பத்திலேயே அத்தகைய சிறியவை உள்ளன. கிழக்கு ஆப்பிரிக்க மண்ணுளிப் பாம்பின் ஆண் இரண்டடிக்குள் நின்றுவிடும். பெண் மூன்றடியை எட்டுவது அரிது. அமெரிக்கப் பாலைநிலத்து 'ரோசி போவா'வும் இரண்டு மூன்றடிக்குள் அடங்கும். இவ்வினங்களில் பெண்ணைவிட ஆணே சிறியது என்பதையும் மனத்திற்கொள்ள வேண்டும். பெரும்பாலும் மணலுக்குள் புதைந்து, தலையை மட்டும் நீட்டிக் கிடக்கும் இயல்பினவாதலின், இவற்றுக்குப் பெரிய கூண்டும் வேண்டா.

மண்ணுளிப் பாம்பு என்றவுடன் நம் பாட்டன்மார் பிறந்த மண் நினைவுக்கு வருகிறது. தமிழ்நாட்டின் வறண்ட நிலங்களில் செம்பழுப்பு நிறத்தில் வாழும் 'இருதலை மணியன்' இக்குடும்பத்தைச் சேர்ந்ததே. தரங்கம்பாடியில் சமயப் பணியாற்றியவாறே இயற்கை ஆய்விலும் ஈடுபட்டிருந்த ஜெர்மானியப் பாதிரியார் கிறிஸ்தோப் சாமுவேல் ஜான் என்பாரின் பெயரைச் சேர்த்து, பாட்ரிக் ரசல் என்னும் மருத்துவர் 1801-இல் அதற்குப் 'போவா ஜானீ' எனப் பெயரிட்டார். இன்று அது 'எரிக்ஸ் ஜானீ' எனப்படுகிறது. உலக அறிவியல் ஏட்டில் ஒரு சிறு போவா ஏறியது நம் தரங்கம்பாடிக் கடற்கரையிலிருந்து என்பது மாணவர்கள் அறிந்து மகிழத்தக்க செய்தி.

மகிழ்ச்சி அத்துடன் முடிந்துவிடுகிறது. அதன் வால் மழுங்கித் தலைபோல் தோன்றுவதால், பகைவர் தாக்க வரும்பொழுது வாலைக் காட்டித் தலையைக் காத்துக்கொள்ளும். இந்த எளிய தற்காப்பை மக்கள் இரண்டு தலை என்று கொண்டனர்; ஆறு திங்கள் ஒரு தலை, ஆறு திங்கள் மறுதலை எனக் கதை கட்டினர்; நக்கினால் தொழுநோய் வரும் என்று சொல்லி அடித்துக் கொன்றனர். பின்னர் வேறொரு கதை பிறந்தது: அதனை வீட்டில் வைத்திருந்தால் செல்வம் கொழிக்கும், எடை கூடக் கூட விலை இலட்சக்கணக்கில் உயரும் என்பது அக்கதை. நம்பி ஏமாந்தோர் பலர். இந்தியாவில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அதனைப் பிடிப்பதும் விற்பதும் குற்றம். தமிழ்நாட்டு வனத்துறையினர் இதற்காகப் பலரைக் கைது செய்துள்ளனர். முன்பு அச்சத்தால் செத்த பாம்பு இப்பொழுது பேராசையால் சாகிறது. காட்டிலிருந்து பிடித்துவரப்பட்ட எந்தப் பாம்பும், அது எத்துணைச் சிறிதாயினும், நம் வீட்டுக்கு வரலாகாது என்று நான் சொல்வதற்கு இஃதொன்றே போதிய காரணம்.

இனி, பெரிய பாம்பை வாங்கி வளர்க்க இயலாது போனோர் செய்ததைப் பார்ப்போம். அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் எவர்கிளேட்ஸ் என்னும் பெருஞ்சதுப்பு நிலம் உள்ளது. செல்லப் பிராணியாக ஆசியாவிலிருந்து கொண்டு செல்லப்பட்ட பர்மிய மலைப்பாம்புகள் வீட்டுக்கு அடங்காமல் வளர்ந்தபொழுது, சிலர் அவற்றைக் கொல்ல மனமின்றி அங்கே விட்டுவிட்டனர். சில தாமே தப்பின. விட்டவர்கள் தாம் அருட்செயல் புரிந்ததாகவே எண்ணியிருப்பர். அவை அங்கே பெருகின. 2012-இல் வெளியான ஆய்வொன்றின்படி, பாம்புகள் நெடுங்காலமாகப் பெருகியிருந்த பகுதியில், பூனையினும் சற்றுப் பெரிதான ரக்கூன் என்னும் விலங்கு கண்ணில் படுவது 99.3 விழுக்காடு குறைந்துவிட்டது. அதே ஆண்டில் அப்பாம்பின் இறக்குமதியை அமெரிக்க அரசு தடை செய்தது. வெள்ளம் தலைக்குமேல் போன பின் கட்டிய அணை!

இக்கதையில் தமிழர்க்கும் இடமுண்டு. 2017-இல் அப்பாம்புகளைத் தேடிப் பிடிக்கத் தமிழ்நாட்டிலிருந்து இருளர் சமூகத்தைச் சேர்ந்த மாசி சடையன், வடிவேல் கோபால் ஆகிய இருவரைப் புளோரிடாவுக்கு வரவழைத்தனர். புல் மடிந்திருப்பதையும் மண்ணில் உடல் ஊர்ந்த தடத்தையும் கண்டே பாம்பிருக்கும் இடத்தைச் சொல்ல வல்லவர்கள் அவர்கள். இரண்டு வாரங்கள் நிறைவதற்குள் 13 மலைப்பாம்புகள் பிடிபட்டன. அவற்றுள் ஒன்று பதினாறடிப் பெண் பாம்பு. 2023-இல் இந்திய அரசு அவ்விருவருக்கும் பத்மஸ்ரீ விருது வழங்கிற்று. ஏட்டுப் படிப்பு மட்டுமே அறிவு என்று எண்ணும் நம் பெற்றோர் சிலர்க்கும் இச்செய்தியைச் சொல்ல விரும்புகிறேன்.

நம் ஆயர் ஈத்தாமுக்கு வருவோம். கெக் லோக் சி கோயிலுக்குப் பின்னால் எழும் குன்றுகளும், அணைக்கட்டைச் சூழ்ந்த காடும், பினாங்கு மலையும் நம் கண்ணெதிரே உள்ளன. பினாங்கு மலையை 2021-இல் யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தது. வளர்க்க முடியாத போவாவை ஒருவர் இரவோடிரவாகக் கொண்டுபோய் விடுவதற்கு இதைவிட வசதியான இடம் வேறில்லை. அதனாலேயே எனக்கு அச்சம். நம் சொந்த மலைப்பாம்புகளே மழைக்காலத்தில் கால்வாய் வழியாக வீட்டோரம் வந்துவிடுகின்றன. அவற்றைப் பிடித்துச் செல்ல நாம் பொதுத் தற்காப்புப் படையினரை அழைக்கிறோம். இன்னொரு கண்டத்துப் பாம்பும் அவற்றோடு சேர வேண்டுமா?

சட்டமும் இதில் உண்டு. போவா இனங்கள் அனைத்தும் 'சைட்டஸ்' என்னும் பன்னாட்டு உடன்படிக்கையின் கட்டுப்பாட்டில் உள்ளவை. மலேசியா 1978 முதல் அதில் உறுப்பு நாடு. 2010-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, பாதுகாக்கப்பட்ட விலங்கை உரிமம் இன்றி வைத்திருப்பது குற்றம். ஆகவே கடைக்காரர் சொல்வதை மட்டும் நம்பாமல், பெர்ஹிலித்தான் என நாம் அழைக்கும் வனவிலங்குத் துறையினரிடம் முன்னதாகவே கேட்டறிதல் வேண்டும்.

சிறிய இனமாயினும் தொல்லைகள் சிறியனவாகிவிடா. மண்ணுளிப் பாம்பு வறண்ட நிலத்தது. நம் ஊர்க் காற்றோ எந்நாளும் ஈரம் சுமந்தது. ஈரம் மிகுந்தால் அதற்குத் தோல் நோயும் மூச்சு நோயும் வரும். கூண்டின் ஒரு புறம் சூடாகவும் மறுபுறம் குளிர்ந்தும் இருத்தல் வேண்டும். உறைய வைத்த எலிகளை வாங்கிக் குளிர்பெட்டியில் வைத்திருக்க வேண்டும். பாட்டியின் மீனுக்கும் கறிக்கும் பக்கத்தில்! (இதைச் சொன்னபொழுது பையனுடைய முகம் முதன்முறையாக வாடியது.) ஊர்வனவற்றின் உடலில் சால்மோனெல்லா என்னும் நுண்ணுயிர் இருக்கக்கூடுமாதலால், தொட்டபின் சவர்க்காரமிட்டுக் கை கழுவ வேண்டும், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை உள்ள வீட்டில் பாம்பு வேண்டவே வேண்டா. இவை எல்லாவற்றையும்விட ஒன்று: பாம்பு வாலாட்டி வரவேற்காது. நம்மைப் பொறுத்துக்கொள்ளப் பழகும், அன்பு காட்டாது. அன்பைத் தேடும் குழந்தைக்கு அது ஏமாற்றமே. ஓருயிரின் இயல்பைப் பார்த்து வியப்பதே போதும் என்னும் மனமுடைய குழந்தைக்கோ, அது நல்ல ஆசானாகவும் அமையலாம். அத்தகைய குழந்தைகளும் நம் வகுப்பறைகளில் இருக்கிறார்கள் என்பதால்தான் 'கூடாது' என்று ஒரே சொல்லில் நான் முடித்துவிடவில்லை.

அம்மாணவனுக்கு இவ்வளவையும் உரையாகச் சொல்லவில்லை. விளையாட்டுப் போட்டிக்கான வடத்தை எடுத்து வந்து, வகுப்பறைத் தரையில் பத்தடி அளந்து நீட்டி, "தம்பி, இதன் பக்கத்தில் படு" என்றேன். படுத்துப் பார்த்தான். எழுந்து மறுமுனை வரை நடந்தான். "ஐயா, இது என் கட்டிலைவிட நீளம்" என்றான். பின்பு அடிக்கோல் இரண்டை ஒன்றன்பின் ஒன்றாக வைத்து, மண்ணுளிப் பாம்பின் அளவைக் காட்டினேன். அதை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

பெற்றோர் சந்திப்பு நாளில் அவனுடைய தந்தையார் வந்திருந்தார். படிவம் மூன்று முடியும் வரை பாம்பு வாங்குவதில்லை என்றும், அப்பொழுதும் மகனின் ஆசை மாறாதிருந்தால் உரிமத்தோடு, கூண்டில் பிறந்த சிறிய ஆண் பாம்பு ஒன்றே வாங்குவது என்றும் வீட்டில் முடிவாகியிருக்கிறதாம். எலிகளுக்கெனத் தனிக் குளிர்பெட்டி வேண்டும் என்பது பாட்டி விதித்த நிபந்தனை. பையன் இப்பொழுது குறிப்பேடு ஒன்று வைத்திருக்கிறான். தன் வீட்டருகே காணும் பாம்புகளைத் தேதியிட்டு அதில் எழுதி வருகிறான். இதுவரை இரண்டு: கால்வாயில் ஒரு மலைப்பாம்பு, செம்பருத்திச் செடியில் ஒரு கொம்பேறி மூக்கன். இரண்டாவதை முதலில் கண்டவர் பாட்டி.