அச்சமும் மெய்ப்பாடே

பழைய திரைப்படங்களையும் பேய்க்கதைகளையும் விரும்புபவன் நம் கலைப்பீடத்திலே தன் விருப்பத்தை ஒளித்து வைத்து வாழ வேண்டியவனாக இருக்கின்றான். சங்கப் பாடல் ஒன்றைச் சுவைத்தேன் என்பவனுக்குக் கிடைக்கும் மதிப்பு, 'யார் நீ?' படத்தை நான்காம் முறையாகப் பார்த்தேன் என்பவனுக்குக் கிடைப்பதில்லை. சென்ற ஆண்டு ஆய்வுக் கட்டுரைக்குத் தலைப்புக் கேட்கப்பட்டபோது, தமிழ்ப் புனைகதையிலும் திரைப்படத்திலும் அச்சச் சுவை என்று எழுதிக் கொடுத்தேன். "தம்பி, இது பல்கலைக்கழகம்; படமாளிகையன்று" என்னும் விடையோடு தாள் திரும்பி வந்தது. உடனிருந்த நண்பர்கள் சிரித்தனர். நானும் சிரித்தேன். அன்று நான் சிரித்தது தவறு என்று சொல்லவே இக்கட்டுரையை எழுதுகின்றேன்.

எதிர்ப்பாளர் கூறுவன மூன்று. இது மலினமான இரசனை என்பது முதலாவது. மூடநம்பிக்கையை வளர்ப்பது என்பது இரண்டாவது. மெய்யான துயரங்களைக் கண்ட மக்களுக்குக் கற்பனைப் பயம் எதற்கு என்பது மூன்றாவது.

முதலாவதை நோக்குவோம். தொல்காப்பியர் வகுத்த எட்டு மெய்ப்பாடுகளுள் அச்சமும் ஒன்று. அது பிறக்கும் களங்களையும் அவர் நான்காக வகுக்கின்றார்: அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறைவனாகிய அரசன். மணிமேகலையின் சக்கரவாளக் கோட்டத்திலே, பேயின் ஆட்டத்தைக் கண்டு அஞ்சி உயிர்விடுகின்றான் சார்ங்கலன். கலிங்கத்துப்பரணியிலே பேய்கள் போர்க்களத்தில் கூழ் சமைத்து உண்கின்றன. காரைக்காலம்மையார் தம்மையே பேயென்று கூறிக்கொள்கின்றார். இவற்றையெல்லாம் விரிவுரை மண்டபத்திலே பொருள் சொல்லிக் கற்பிக்கின்றோம். பரீட்சையில் வினாவும் கேட்கின்றோம். ஆனால் அதே பேய் 1940களில் புதுமைப்பித்தனின் 'காஞ்சனை'யாக வீட்டு வாசலில் வந்து நின்றால் அரைமனதோடு வரவேற்கின்றோம். திரையில் வந்தாலோ முகத்தைத் திருப்பிக் கொள்கின்றோம். ஆயிரம் ஆண்டு கடந்த பேய் இலக்கியம், அறுபது ஆண்டுப் பேய் மலினம் என்பது என்ன அளவுகோல்? மேரி ஷெல்லி 1818இல் வெளியிட்ட 'ஃபிராங்கன்ஸ்டைன்' நாவலைப் 'பிரேத மனிதன்' என்று தமிழுக்குக் கொண்டு வந்தவரும் அதே புதுமைப்பித்தன்தான். சிறுகதையின் சிகரம் என நாம் போற்றும் அவருக்கு அச்சக்கதை இழிவாகத் தோன்றவில்லை.

நம் நாட்டுச் சான்றும் உண்டு. ஈழத்தின் முதல் தமிழ் நாவல் எனப் பலராலும் கொள்ளப்படும் சித்திலெவ்வையின் 'அசன்பே சரித்திரம்' 1885இல் வெளிவந்தது. களவாடப்பட்ட குழந்தை, மறைந்து கிடக்கும் பிறப்பு, தூர தேசங்கள் என்பனவே அதன் உயிர். நம் நாவல் மர்மக் கதையாகவே பிறந்தது. பிறப்பை மறந்துவிட்டு வளர்ந்த பிள்ளையாக நாம் நடந்து கொள்வது பொருந்துமா?

திரைப்படம் கல்விக்கு உரிய பொருளன்று என்பாருக்கு ஒரு சொல். தமிழர் அனைவரும் ஒரே கூரையின் கீழ் அமர்ந்த முதல் அரங்கு படமாளிகையே என்று எடுத்துக் காட்டியவர் நம் பேராசிரியர் கார்த்திகேசு சிவத்தம்பி. அவர் திறந்து வைத்த கதவை நாம் ஏன் மீண்டும் சாத்துகின்றோம்?

இரண்டாவது குற்றச்சாட்டு மூடநம்பிக்கை. இதனைக் கூறுவோர் படங்களை முடிவு வரை பார்த்தவரல்லர் என்பது என் துணிபு. 1951இல் வெளிவந்த 'மர்மயோகி', பேய் தோன்றும் காட்சிகளுக்காகவே 'வயது வந்தோருக்கு மட்டும்' என்ற சான்றிதழைப் பெற்றது. ஆனால் அப்படத்தின் பேய் உயிரோடிருக்கும் அரசன். தன்னைக் கொல்ல முயன்று அரியணையைக் கவர்ந்தவளை அஞ்ச வைக்க அவன் பூண்ட வேடமே அது. 1966இல் வந்த 'யார் நீ?' படத்தில் வெண்ணிற ஆடையோடு பாடித் திரியும் ஆவி, சொத்துக்காக ஒருவனைப் பித்தனாக்கத் தீட்டப்பட்ட சதி. பேய்க்குப் பின்னால் மனிதனின் பேராசை நிற்கின்றது என்று இவை கற்பித்தன. பகுத்தறிவுக்கு இதைவிட எளிய பாடம் வேறு எது? மறுபிறப்பைக் கூறும் 'நெஞ்சம் மறப்பதில்லை' (1963), ஆவியை மெய்யென்றே காட்டும் 'ஆயிரம் ஜென்மங்கள்' (1978) போன்றனவும் உண்டு; மறுக்கவில்லை. ஆயினும் கதையில் ஆவியை ஏற்பது வேறு, வாழ்விலே மந்திரவாதியிடம் காசைக் கொடுப்பது வேறு. கூழ் சமைக்கும் பேயைப் படித்தவர் எவரும் போர்க்களத்திற்குப் பானை கொண்டு போனதில்லை.

பழையதெல்லாம் பொன் என்று நான் வாதிடவில்லை. என்னைப் போன்ற இரசிகர்களிடமும் ஒரு குறை உண்டு: கறுப்பு வெள்ளையில் இருந்தாலே காவியம் என்று மயங்குகின்றோம். வீணை வித்துவானான எஸ். பாலசந்தர் இயக்கிய 'அந்த நாள்' 1954இல் வந்தது. பாடலில்லை, நடனமில்லை. 1943இல் ஜப்பானிய விமானம் சென்னையில் குண்டு வீசிய காலத்தில் நிகழும் ஒரு கொலை. அதனை ஒவ்வொருவர் வாயிலாகவும் ஆராயும் கதை. தேசத்தை விற்ற கணவனுக்கும் தேசத்தை நேசித்த மனைவிக்கும் இடையே அறம் எங்கே நிற்கின்றது என்று அது வினவுகின்றது. தோளில் தொங்கியபடியே விக்கிரமாதித்தனிடம் நீதி கேட்ட வேதாளத்தின் மரபு இதுதான். நல்ல அச்சக்கதை எப்போதும் ஒரு வழக்கோடு வருகின்றது. வழக்கில்லாத வெறும் அலறலை, அது பழையதாயினும் புதியதாயினும், நானும் தள்ளுகின்றேன்.

மூன்றாவது எதிர்ப்பே வலியது. அதற்கு என் ஊரிலிருந்துதான் விடை சொல்ல வேண்டும். 2004 டிசம்பர் 26ஆம் நாள் கடல் எழுந்தபோது கல்முனைக்குடியில் நான் கைக்குழந்தை. இலங்கையில் அன்று 30,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுள் மிகப் பெருந்தொகையினர் எங்கள் அம்பாறை மாவட்டத்தவர். என் மூத்தம்மா தம் தங்கையையும் தங்கையின் இரு பிள்ளைகளையும் இழந்தார். அதற்குப் பின்னரும், மின்சாரம் நின்ற இரவுகளில் எங்களைச் சுற்றி இருத்தி அவர் பேய்க்கதை சொன்னார். கரையிலிருந்து பெயர் சொல்லி அழைக்கும் குரலுக்கு மூன்றாம் முறை வரை மறுமொழி சொல்லாத மீனவனின் கதை. ஜின் குடியிருந்த மரத்தின் கதை. "கடலைக் கண்ட பிறகும் இதெல்லாம் பயமா மூத்தம்மா?" என்று ஒருநாள் கேட்டேன். "அந்தப் பயம் முடியல்ல, மகன். கதப் பயம் முடியும்" என்றார். கதை முடிந்ததும் விளக்கின் திரியைத் தூண்டிவிட்டு எங்களைப் படுக்கச் சொல்வார்.

இதற்குமேல் ஒரு கொள்கை எனக்குத் தேவைப்படவில்லை. முடிவில்லாத அச்சத்தோடு வாழ்பவர்களுக்கு, தொடக்கமும் முடிவும் உள்ள அச்சம் ஓர் ஆறுதல். அதனை ஆடம்பரம் என்பவர் எங்கள் கரையில் ஓர் இரவும் தங்கியவரல்லர்.

காப்பாற்றும் கடமையும் நமக்குண்டு. முதல் தமிழ்ப் பேசும்படமான 'காளிதாஸ்' (1931) இன்று ஒரு பிரதியும் இல்லை. 1983 யூலையில் ஹெந்தளை விஜயா கலையகம் எரிக்கப்பட்டபோது நம் நாட்டுத் திரைப்படச் செல்வம் தீயில் போயிற்று. ஜெர்மனியரின் 'நொஸ்பெராட்டு' (1922) படத்தின் பிரதிகளை அழித்துவிடுமாறு 1925இல் நீதிமன்றமே தீர்ப்பளித்தது. எஞ்சிய சில பிரதிகளால் அது இன்றும் வாழ்கின்றது. அங்கே தீர்ப்பையும் மீறிப் படம் பிழைத்தது. இங்கே தீர்ப்பு எதுவும் இல்லாமலே நம் அலட்சியத்தால் அழிகின்றது.

ஆகவே சங்கத்தின் முன் இரண்டு கோரிக்கைகளை வைக்கின்றேன். தவணைக்கு ஒரு பழைய படத்தையேனும் திரையிட்டு, முடிந்தபின் ஒரு மணி நேரம் வாதிடுவோம். விடுமுறைக்கு ஊர் செல்லும் ஒவ்வொரு மாணவரும் தம் மூத்தோரிடம் ஒரு பேய்க்கதையையாவது கேட்டு, சொன்னவர் பெயரோடும் ஊரோடும் பதிந்து வரட்டும். என் மூத்தம்மாவின் கதைகளுள் பதினொன்றை நான் எழுதி வைத்திருக்கின்றேன். மற்றவை அவரோடு போய்விட்டன. அவற்றைக் கேட்டு எழுதுவதற்கு எனக்குக் காலம் இருந்தது, வெட்கம் விடவில்லை. அந்த வெட்கத்தை எனக்குக் கற்பித்தது இந்தக் கலைப்பீடம். அதை இங்கேயே திருப்பித் தருகின்றேன்.