சர்க்கார் உதவி யார் வீட்டுப் படியேறுகிறது?

விருதுநகர் ஜில்லாவில் தொழில் பெருகவும், ஜனங்களுக்கு வேலை கிடைக்கவும் சர்க்கார் பணம் ஒதுக்குவது நமக்கு மிகவும் சந்தோஷமான விஷயமேயாகும். 2018இல் முன்னேற வேண்டிய ஜில்லாக்களின் ஜாபிதாவில் இந்திய சர்க்கார் இதையும் சேர்த்தார்கள். 2023இல் நாடு முழுவதற்கும் ஏழு ஜவுளிப் பூங்காக்கள் என்று தீர்மானித்து, அவற்றில் ஒன்றை இங்கே இ.குமாரலிங்கபுரத்தில் 1,052 ஏக்கராவில் அமைப்பதாக அறிவித்தார்கள். வரட்டும். நாம் கேட்பதெல்லாம், இந்த உதவி யார் வீட்டுப் படியேறுகிறது என்பதுதான்.

சிலர், "சிவகாசிக்காரன் எந்த சர்க்காரை நம்பினான்? சொந்த உழைப்பாலும் தெய்வ கடாட்சத்தாலுமல்லவா முன்னுக்கு வந்தான்" என்பார்கள். அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922இல் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்று வந்தது உண்மை. அந்தத் துணிச்சலை நாமும் மெச்சுகின்றோம். ஆனால் அதே 1922இல்தான் அன்னிய தீப்பெட்டிக்கு, குரோசு ஒன்றுக்கு, அதாவது 144 பெட்டிக்கு, ஒன்றரை ரூபாய் வரி விதிக்கப்பட்டது. 1928இல் அது பாதுகாப்பு வரியாகவே ஆக்கப்பட்டது. பின்னாளில் கலால் வரியிலும் சிறு பட்டறைகளுக்குச் சலுகை கிடைத்தது. ஆகவே உழைப்புக்குப் பின்னால் சர்க்கார் கட்டிய மதிலும் இருந்தது. தெய்வத்தின் பங்கு எவ்வளவென்று சொல்பவர்களே கணக்குக் காட்டட்டும். கோவில் பிரவேசம் கேட்டதற்கு இதே சமூகத்தாருக்கு 1899இல் சிவகாசியில் கிடைத்தது சூறையும் கொலையுமே. மூட்டைக்கு இவ்வளவு என்று விருதுநகர் வியாபாரிகள் மகமை எடுத்ததிலோ பள்ளிக்கூடம் கிடைத்தது.

நிற்க, மகமையும் இல்லாமல், மதிலும் இல்லாமல் இருப்பவன் கதி என்ன?

பட்டாசு அறைக்குள் இத்தனை பேர்தான், இவ்வளவு மருந்துதான் என்று விதி இருக்கிறது. லைசென்சுக்காரர் ஒருவர். அவரிடம் அறை அறையாக உள்குத்தகைக்கு எடுப்பவர் பலர். குத்தகைப் பணத்தை எடுத்தாக வேண்டுமென்று நாலு பேர் இடத்தில் எட்டுப் பேரை உட்கார வைக்கிறார்கள்; மரத்தடியிலும் மருந்து செலுத்துகிறார்கள். மருந்து உராய்ந்தால் போதும். 2012 செப்டம்பர் 5இல் முதலிப்பட்டியில் முப்பத்தைந்து பேருக்கு மேல் மாண்டார்கள். 2021 பிப்ரவரி 12இல் அச்சங்குளத்தில் இருபது பேருக்குக் குறையவில்லை. அந்த அச்சங்குளத்துக் குடும்பங்களுக்கு இந்திய சர்க்கார் 2 லட்சமும் தமிழ்நாடு சர்க்கார் 3 லட்சமும் அறிவித்தார்கள். அதற்கு யாரும் ஈடு கேட்கவில்லை. ஜாமீன் கேட்கவில்லை. அதே பெண் உயிரோடிருந்து, ஒரு தையல் பட்டறைக்கு ஒரு லட்சம் கடன் கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

காகிதத்தில் வழி இல்லாமலில்லை. 2008இல் வந்த பிரதம மந்திரி வேலை உருவாக்கும் திட்டத்தில், கிராமத்துப் பெண்களுக்கும் தாழ்த்தப்பட்டோருக்கும் பிற்பட்டோருக்கும் நூற்றுக்கு 35 வரை மானியம் உண்டு. கைப்பணம் நூற்றுக்கு 5 போட்டால் போதும். 2023இல் தமிழ்நாடு சர்க்கார், தாழ்த்தப்பட்ட, பழங்குடித் தொழில் முனைவோருக்காக அம்பேத்கர் பெயரால் ஒரு திட்டம் தொடங்கி, ஒன்றரைக் கோடி வரை மானியம் வைத்தார்கள். சிறு தொழிலுக்கு 10 லட்சம் வரை ஈடு கேட்கக் கூடாதென்று ரிசர்வ் பாங்கி 2010லேயே உத்தரவிட்டது. ஆனால் மானியம் வருவது பாங்கி கடன் மஞ்சூர் செய்த பிறகுதான். மஞ்சூர் செய்பவரோ, எதிரில் நிற்பவனின் சட்டையையும், அவன் யார் வீட்டுப் பிள்ளை என்பதையும் பார்க்கிறார். பத்திரமிருப்பவனுக்குப் பத்து நாளில் ஆகும் காரியம், தினக்கூலிக்காரனுக்குப் பத்து நடை. ஒவ்வொரு நடைக்கும் ஒரு நாள் கூலி போகிறது.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. நரகாசுரன் செத்ததாகச் சொல்லும் ஒரு நாளை நம்பியே இத்தனை குடும்பங்களின் அடுப்பு எரிகிறது. 2018 அக்டோபரில் சுப்ரீம் கோர்ட்டு சரவெடியையும் பேரியம் உப்பையும் தடுத்தபோது, பாக்டரிகள் பல மாதம் பூட்டிக் கிடந்தன. முதலாளிக்கு வக்கீல் இருந்தார். கூலிக்காரனுக்கு மாற்றுத் தொழில் காட்ட ஓர் ஆபீசர் கூட வாசலுக்கு வரவில்லையென்றால், அந்தத் திட்டங்கள் வேறெந்த நாளுக்காக?

ஆகையால் நாம் கேட்பது அதிகமில்லை. எந்தக் கிராமத்தில், எந்த வகுப்பாருக்கு, எத்தனை பெண்களுக்கு மானியம் போயிற்று என்ற ஜாபிதாவை ஒவ்வொரு பஞ்சாயத்து ஆபீஸ் சுவரிலும் ஒட்டட்டும். தள்ளப்பட்ட மனுக்களையும், தள்ளிய காரணத்தையும் பக்கத்திலேயே ஒட்டட்டும். அடுத்த கடன் முகாமைக் கலெக்டர் ஆபீசில் பந்தல் போட்டு நடத்தாமல், வெம்பக்கோட்டையிலும் சாத்தூரிலும் வேலை விடும் நேரத்தில், பாக்டரி வாசலில், பாங்கி ஏஜெண்டையும் உட்கார வைத்து நடத்தட்டும்.