புது வெர்ஷன் வந்தா உடனே வாங்கணுமா?

"அண்ணாச்சி, புது வெர்ஷன் வந்தாச்சு. பழசு இனிமே வேலைக்கு ஆகாது. மார்ச்சுக்குள்ள போட்டுட்டீங்கன்னா ஆஃபர் இருக்கு."

கணக்கு சாஃப்ட்வேர் வைத்திருக்கும் கடைக்காரர்களுக்கு இந்த போன் புதுசு இல்லை. போன் வந்ததும் அவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுவார்கள். ஒரு கட்சி, "சட்டம் கிட்டம்னு சொல்றான், எதுக்கு வம்பு" என்று உடனே செக் எழுதிக் கொடுத்துவிடும். இன்னொரு கட்சி, "ஓடுறத ஏம்ப்பா நோண்டணும்?" என்று போனை வைத்துவிடும்.

முதல் கட்சிக்குப் பயம். இரண்டாம் கட்சிக்குச் சோம்பல். இரண்டு பேரும் கேட்காத கேள்வி ஒன்றுதான்: பழைய சாஃப்ட்வேரால் இந்தக் கடையில் எந்த வேலை நிற்கிறது? பதில் இல்லாமல் வாங்குவது தண்டச்செலவு. பதில் தெரிந்தும் வாங்காமல் இருப்பது அதைவிடப் பெரிய தண்டம்.

கடைகளுக்கும் ஆடிட்டர் ஆபீஸ்களுக்கும் பழக்கமான டாலியையே எடுத்துக்கொள்ளுங்கள். டாலி ஈஆர்பி 9 வந்தது 2009 இல். டாலி பிரைம் வந்தது 2020 நவம்பரில். இடையில் 11 வருடம். இந்த 11 வருடத்தில் ஒரு சாதாரண வியாபாரிக்கு நிஜமாகவே தலைபோகிற தேதி எது? 2017 ஜூலை 1. ஜிஎஸ்டி வந்த நாள். அன்றைக்கு பில்லே மாறிப்போனது. வாட் போய் சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி, ஐஜிஎஸ்டி என்று மூன்று வந்தன. அந்த பில் போடத் தெரியாத சாஃப்ட்வேரை வைத்துக்கொண்டு வியாபாரம் செய்ய முடியாது. அன்று மாறியே ஆகவேண்டியிருந்தது. ஆனால் கவனியுங்கள், அந்தத் தேதியை வைத்தது சாஃப்ட்வேர் கம்பெனி இல்லை, அரசாங்கம்.

இ-இன்வாய்ஸ் இன்னும் நல்ல உதாரணம். 2020 அக்டோபர் 1 இல் 500 கோடிக்கு மேல் டர்ன்ஓவர் உள்ளவர்களுக்குக் கட்டாயமானது. 2021 ஜனவரியில் 100 கோடி, ஏப்ரலில் 50 கோடி. 2022 ஏப்ரலில் 20 கோடி, அக்டோபரில் 10 கோடி. 2023 ஆகஸ்ட் 1 இல் 5 கோடி. இப்போது 8 கோடி டர்ன்ஓவர் உள்ள ஒரு மொத்த வியாபாரியை நினைத்துப்பாருங்கள். "இ-இன்வாய்ஸ் வந்தாச்சு" என்ற பேச்சைக் கேட்டு 2020 இலேயே அதற்காகப் பணம் கட்டியிருந்தால், கிட்டத்தட்ட மூன்று வருடம் சும்மா கட்டியிருப்பார். அதே ஆள் 2022 அக்டோபரில் 10 கோடி வந்ததைப் பார்த்தும் அசையாமல் இருந்தால், 2023 ஜூலை 31 ராத்திரி ஆள் தேடி அலைந்திருப்பார். படி இறங்கி வருவது எல்லார் கண்ணுக்கும் தெரிந்ததுதானே!

பயம் காட்டி விற்பதற்கு எடிட் லாக் ஒரு சாட்சி. கணக்கில் செய்யும் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிவு செய்கிற, அந்தப் பதிவை நிறுத்த முடியாத சாஃப்ட்வேர்தான் வைத்திருக்க வேண்டும் என்று 2021 மார்ச்சில் விதி வந்தது. முதலில் 2021 ஏப்ரல் 1 என்றார்கள். பிறகு 2022 என்றார்கள். கடைசியில் 2023 ஏப்ரல் 1 இல்தான் அமலுக்கு வந்தது. அதுவும் யாருக்கு? கம்பெனிச் சட்டத்தின் கீழ் வரும் கம்பெனிகளுக்கு. தனி ஆளாகக் கடை நடத்துகிற அண்ணாச்சிக்கும், இரண்டு மச்சான்கள் சேர்ந்து நடத்துகிற பார்ட்னர்ஷிப்புக்கும் அது பொருந்தாது. அவர்களிடம் போய் "கட்டாயம் சார்" என்று சொன்னால் அதற்கு வியாபாரம் என்று பெயரில்லை.

அப்படியென்றால் "ஓடுறத நோண்டாதே" கட்சிதான் சரியா? அதுவும் இல்லை. அந்தக் கட்சிதான் இன்னும் மோசம். ஏனென்றால் அதன் நஷ்டம் கண்ணுக்குத் தெரியாது.

பழைய சாஃப்ட்வேர் தராத ஒரு ரிப்போர்ட்டுக்காக, பி.காம் முடித்து வேலைக்கு வந்த பெண் தினமும் அரை மணி நேரம் எக்செல்லில் மறுபடி டைப் அடிக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதம் 25 நாள் என்றால் பன்னிரண்டரை மணி நேரம். சம்பளம் 15,000, வேலை நேரம் 200 மணி என்றால் ஒரு மணிக்கு 75 ரூபாய். மாதம் சுமார் 940 ரூபாய், வருடத்துக்கு 11,250. அப்கிரேடுக்கு 9,000 ஆகும் என்றால் ஒரே வருடத்தில் போட்ட காசு வந்துவிடும். ஆனால் முதலாளி என்ன சொல்வார்? "சம்பளம் எப்படியும் குடுக்கத்தானே போறோம்!" அதாவது அந்தப் பெண்ணின் நேரம் ஓசி. ஏழு மணிக்குக் கிளம்ப வேண்டியவர் ஏழரைக்குக் கிளம்புவது எந்த லெட்ஜரிலும் ஏறாது. அடுத்த பஸ் எட்டு மணிக்கு என்பதும் ஏறாது.

இதே கணக்கு மறுபக்கமும் வேலை செய்யும். புது வெர்ஷன் மிச்சப்படுத்துவது மாதம் ஒரு மணி நேரம்தான் என்றால், வருடத்துக்கு 900 ரூபாய். அதற்கு 9,000 கொடுப்பது வீண். எத்தனை புது வசதி இருந்தாலும் சரி.

கடைசியாக அந்த மார்ச் ஆஃபர். "செலவு காட்டலாம் சார், வரி மிச்சம்" என்பார்கள். சாஃப்ட்வேர் லைசென்ஸ் ஒரு சொத்து, அதற்குத் தேய்மானம்தான் போட முடியும். 1961 வருமான வரிச் சட்டம் வகுத்த கணக்கின்படி அந்த வருடத்தில் 180 நாளுக்குக் குறைவாகப் பயன்படுத்தினால் பாதித் தேய்மானம்தான். 20,000 ரூபாய்க்கு வாங்கினால் 40 சதவீதப்படி வரவேண்டிய 8,000, முதல் வருடம் 4,000 ஆகிவிடும். தவிர, வருடக் கணக்கு முடிக்கிற மாதத்தில் புது ஸ்கிரீனைப் பழகச் சொல்வதைப்போல ஒரு கொடுமை உண்டா? ஜனவரியில் முடிவெடுத்து, பிப்ரவரியில் பழைய டேட்டாவின் நகலை வைத்து ஓட்டிப்பார்த்து, ஏப்ரல் 1 அன்று புதுக் கணக்கோடு தொடங்குவதுதான் புத்திசாலித்தனம்.

அடுத்த முறை போன் வந்தால் அண்ணாச்சி கேட்க வேண்டியது, "புதுசுல என்ன இருக்கு தம்பி?" என்று இல்லை. போனை ஒரு நிமிஷம் கீழே வைத்துவிட்டு, கணக்கு எழுதும் அந்தப் பெண்ணிடம், "பழசுல உனக்கு எங்கம்மா இடிக்குது?" என்று கேட்கட்டும். வாங்கலாமா வேண்டாமா என்பதை அவர் சொல்லிவிடுவார்.