யார் கையில் கேமரா?

1999 ஜூலை 23. மாஞ்சோலைத் தொழிலாளர்களுக்காகப் பேரணி போனோம். தடியடியில் தாமிரபரணிக்குள் விரட்டப்பட்டு 17 பேர் மாண்டனர். மோகன் ஆணையம் காவல்துறையின் பக்கமே நின்றது. கேமராவில் பதிவான காட்சிகள்தான் நமக்குச் சாட்சி.

இன்று அந்தக் கேமரா நம் கைப்பேசியில். அதை உளவு பார்க்கத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஆம் பிரிவு வழிவிடுகிறது. நீதிபதி அனுமதி வேண்டாம். உள்துறைச் செயலாளரின் உத்தரவே போதும். தடியெடுத்த காவல்துறையும் அதே உள்துறையின் கீழ்தான்!

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017இல் உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகளும் ஒருமித்துச் சொன்னார்கள். சாதி மறுத்துக் காதலிப்பவருக்கும் வன்கொடுமைப் புகார் எழுதுபவருக்கும் அது ஆடம்பரமல்ல, உயிர்.

"மறைக்க என்ன இருக்கிறது?" என்பவர்களைக் கேட்போம்: ஆணவக்கொலை மிரட்டல் மட்டும் உங்கள் கண்ணில் படாதது ஏன்? நீதிபதியின் ஆணையில்லாமல் எவர் கைப்பேசியையும் தொடாதே!