வராதவர்களும் நம் செய்திதான்!



வெள்ளிக்கிழமை காலை ஜெபம் முடிந்ததும் 'வாரச் செய்தி' வாசிப்பது இந்தப் பருவத்தில் நான்தான். யாருக்குப் பிறந்தநாள், பேச்சுப் போட்டியில் யாருக்குப் பரிசு, பாடகர் குழுவுக்கு எப்போது பயிற்சி, ஹாஸ்டலுக்குப் புது இட்லிப் பானை வந்தது, எல்லாம் சொல்வேன். கடைசியில், "நம் பள்ளிக் குடும்பத்தில் அனைவரும் நலம்" என்று முடிப்பேன். அந்த வரியை எனக்கு யாரும் எழுதித் தரவில்லை. கேட்க நன்றாக இருக்கிறதே என்று நானே சேர்த்துக்கொண்டது.

இப்போது அந்த வரியால்தான் இந்தக் கட்டுரை.

போன மாதம் பத்து நாளாக பெஞ்சில் என் பக்கத்து இடம் காலி. நடுவில் இரண்டு வெள்ளிக்கிழமை வந்தது. இரண்டு முறையும் "அனைவரும் நலம்" என்று சத்தமாக வாசித்துவிட்டு, வந்து அந்தக் காலி இடத்துக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தேன். எனக்கு உறைக்கவே இல்லை!

அப்புறம் ஒருநாள் அம்மாவோடு சோளக்காடு சந்தைக்குப் போனபோது அவளைப் பார்த்தேன். இடுப்பில் தம்பி. அவள் அம்மாவும் அப்பாவும் மிளகு பறிக்கப் போய்விட்டார்கள், தம்பியைப் பார்க்க ஆளில்லை. கொஞ்ச நேரம் பேசினோம். கிளம்பும்போது மெதுவாகக் கேட்டாள்: "நான் வரலைன்னு அங்க யாருக்காச்சும் தெரியுமாடி?"

எனக்குப் பதில் வரவில்லை. தெரியாமல் இல்லை. தினமும் அட்டெண்டன்ஸில் அவள் பெயருக்கு நேரே 'ஆப்சென்ட்' விழுகிறது. ஆனால் செய்தியில் அவள் இல்லை.

காணாமல் போன ஆட்டின் கதையை நாம் எத்தனை முறை கேட்டிருப்போம்! நூறு ஆட்டில் ஒன்று குறைகிறது என்று மேய்ப்பனுக்கு எப்படித் தெரிந்தது? எண்ணிப் பார்த்ததால்தான். நாமும் தினமும் எண்ணுகிறோம். எண்ணிவிட்டு நோட்டை மூடிவிடுகிறோம். மேய்ப்பன் தேடிப் போனான். வித்தியாசம் அதுதான்.

"இதெல்லாம் ஒரு செய்தியா?" என்று சிலர் கேட்கலாம். நம்ம மலையிலேயே இதற்குப் பதில் இருக்கிறது. 1913-ல் இங்கே வந்து, வைத்தியமும் பார்த்து பள்ளிகளும் தொடங்கிய ஜெசி பிராண்ட் ஐயா, எவெலின் அம்மா பற்றி நாம் எல்லாரும் கேட்டிருக்கிறோம். அவர்கள் மகன் பால் பிராண்ட் 1914-ல் பிறந்தவர். பின்னாளில் வேலூர் சி.எம்.சி.யில் தொழுநோயாளிகளின் மடங்கிப்போன கைகளை ஆபரேஷன் செய்து சரியாக்கிய டாக்டர் அவர்தான். 1923-ல் அவரைப் படிக்க இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். அப்பா இங்கிருந்து கடிதம் எழுதுவார். அது கப்பலில் போய்ச் சேர வாரக்கணக்காகும். 1929 ஜூனில் அப்பா காய்ச்சலில் இறந்துபோன செய்தி தந்தியில் போனது. அதற்கும் பிறகுதான், அவர் கடைசியாக எழுதிய கடிதம் பையன் கைக்குக் கிடைத்தது! அப்போது பாலுக்கு 15 வயதுகூட நிறையவில்லை. நம்ம வயசுதான்.

அந்தக் கடிதத்தில் பெரிய செய்தி ஒன்றும் இல்லை. குதிரையில் மலைமேல் போனதையும், இந்த மலையின் அழகையும் எழுதியிருந்தார். ஆனால் தூரத்தில் இருந்த அந்தப் பையனுக்கு அதைவிடப் பெரிய செய்தி உலகத்தில் உண்டா? செய்தி சின்னதா பெரிதா என்பது, அது யாருக்குப் போய்ச் சேருகிறது என்பதில் இருக்கிறது.

ஆசிரியர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். "வீட்டுக் கஷ்டத்தைச் சுவரில் ஒட்டினால் அந்தப் பிள்ளைக்கு வெட்கமாக இருக்காதா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. நானும் யோசித்தேன். அதனால்தான் இந்தக் கட்டுரையில் என் தோழியின் பெயர் இல்லை. வராதவர் பெயரும் வேண்டாம், காரணமும் வேண்டாம். "ஒன்பதாம் வகுப்பில் இருவர் வரவில்லை. அவர்களுக்காக நோட்ஸ் எழுதுவது இன்னார். அந்த ஊர் பஸ்ஸில் போகும் இன்னார் கொண்டுபோய்க் கொடுப்பார்." இப்படிப் போடலாமே! உதவி செய்பவர் பெயர் போட்டால் யாருக்கும் வெட்கமில்லை. பெயர் வந்துவிட்டதே என்று அவரும் ஒழுங்காகச் செய்வார்!

இன்னொன்று. மிஷன் பள்ளியில் படித்தவர்கள் பத்திரிகை நடத்துவது புதிதல்ல. யாழ்ப்பாணத்தில் 1823-ல் தொடங்கிய வட்டுக்கோட்டை செமினரியில் தமிழும் ஆங்கிலமும் கணிதமும் வானசாஸ்திரமும் படித்து வந்தவர்கள்தான் 1841-ல் 'உதயதாரகை' பத்திரிகையை நடத்தினார்கள். அதில் வாசகர்கள் எழுதிய கடிதங்களும் வந்தன. அதுபோல நம் சுவர் இதழிலும் ஒரு மூலையை வராதவர்களுக்கு விட்டுவைப்போம். அவர்களே எழுதி அனுப்பட்டும். இந்த வாரம் மிளகு என்ன விலை, எந்தக் காட்டில் பலா பிஞ்சு விட்டிருக்கிறது, எந்தப் பாதையில் மண் சரிந்திருக்கிறது என்பது வகுப்பில் உட்கார்ந்திருக்கும் நமக்கு எங்கே தெரியும்? அது பள்ளிக்கு அவர்கள் தரும் செய்தி. ஒருவர் எழுதியது சுவரில் இருந்தால், அதைப் பார்க்கவாவது திரும்பி வரத் தோன்றும்.

நான் சந்தையில் பார்த்தவள், "மிளகு முடிஞ்சதும் வரேன்" என்று சொல்லியிருக்கிறாள். எத்தனை பேர் அப்படிச் சொல்லிவிட்டு வராமலேயே நின்றுபோனார்கள் என்று நம் அண்ணன், அக்காக்களைக் கேட்டால் தெரியும். அதனால்தான் எனக்குப் பயமாக இருக்கிறது. அறிவியல் நோட்ஸ் மூன்று பாடம் எழுதி வைத்திருக்கிறேன். அந்தப் பக்கம் பஸ்ஸில் போகிறவர்கள் யாராவது என்னிடம் வந்து வாங்கிக்கொள்ளுங்கள், ப்ளீஸ்.

வரும் வெள்ளிக்கிழமை வாரச் செய்தியில் "அனைவரும் நலம்" என்று வாசிக்க மாட்டேன். "இந்த வாரம் இத்தனை பேர் வரவில்லை, அவர்களுக்காகக் காத்திருக்கிறோம்" என்று வாசிக்க ஆசிரியர்கள் அனுமதி தர வேண்டுகிறேன்.

இது என் கருத்து. உங்கள் கருத்தையும் எழுதி ஒட்டுங்கள். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

— ஒன்பதாம் வகுப்பு மாணவி