ஏரி நாட்டில் மிதிவண்டிப் பாதை

நுழையும்முன்

மலையும் ஏரியும் சூழ்ந்த ஊர்களைக் காண நாம் அனைவரும் விரும்புகிறோம். அனைவரும் மகிழுந்திலேயே சென்றால் அங்கே காண்பதற்கு எஞ்சுவது யாது? இங்கிலாந்தின் ஏரி மாவட்டத்தைச் சான்றாகக் கொண்டு இவ்வினாவை ஆராயும் கருத்துக் கட்டுரை இது.

சக்கரம் போன்ற நிலம்

இங்கிலாந்தின் வடமேற்கில் கம்பிரியா என்னும் பகுதி உள்ளது. அதில் அமைந்த மலைநாடே ஏரி மாவட்டம். பனியுகத்தில் பனியாறுகள் குடைந்த பள்ளத்தாக்குகளில் நீர் தேங்கியதால் இங்கு ஏரிகள் உருவாயின. இங்கிலாந்தின் மிகப் பெரிய இயற்கை ஏரியான விண்டர்மியர் இங்கே ஏறத்தாழ 17 கிலோமீட்டர் நீளத்திற்குப் பரந்துள்ளது. அந்நாட்டின் மிக உயர்ந்த சிகரமான ஸ்காஃபெல் பைக்கும் இங்கேதான் உள்ளது. அதன் உயரம் 978 மீட்டர். இம்மண்ணில் பிறந்த கவிஞர் வில்லியம் வேர்ட்ஸ்வொர்த், இவ்வட்டாரத்தைப் பற்றி வழிகாட்டி நூல் ஒன்றும் எழுதினார். நடுமலையிலிருந்து நாற்புறமும் விரியும் பள்ளத்தாக்குகளைச் சக்கரத்தின் ஆரக்கால்களுக்கு அவர் அதில் ஒப்பிட்டார்.

இப்பள்ளத்தாக்குகளின் ஊடே செல்லும் சிற்றூர்ச் சாலைகள் பல, உந்து வண்டிகள் தோன்றுவதற்கு முன்பே பிறந்தவை. ஆட்டு மந்தைகளும் குதிரை வண்டிகளும் செல்ல அமைந்தவை. அவற்றின் இருமருங்கிலும் கற்சுவர்கள் நெருங்கி நிற்கின்றன. எதிரெதிரே இரண்டு மகிழுந்துகள் வந்தால் ஒன்று பின்வாங்கி ஒதுங்கியே தீர வேண்டும்.

1951ஆம் ஆண்டு இப்பகுதி தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. 2017இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்கள் பட்டியலிலும் இடம்பெற்றது. ஆண்டுதோறும் பல இலட்சம் மக்கள் இங்கு வருகின்றனர். அவர்களுள் பெரும்பாலோர் மகிழுந்தில் வருகின்றனர். அமைதியைத் தேடி வந்தவர்களே அதைக் கலைப்பவர்களாகவும் ஆகிவிடுகின்றனர். எனவே, மலைநாட்டின் சிறு சாலைகளில் முதலுரிமை மிதிவண்டிக்கும் நடப்போர்க்கும் வழங்கப்பட வேண்டும் என்பதே என் கருத்து.

ஏற்ற வழிகள் முன்பே உள்ளன

இதற்காக மலையை வெட்டிப் புதுச்சாலை போட வேண்டியதில்லை. தர்ல்மியர் ஏரியைப் பாருங்கள். மான்செஸ்டர் நகரின் குடிநீருக்காக அணை கட்டிப் பெரிதாக்கப்பட்ட இவ்வேரி, 1894 முதல் அந்நகருக்கு நீர் வழங்கி வருகிறது. இதன் கீழ்க்கரையில் போக்குவரத்து மிகுந்த நெடுஞ்சாலை செல்கிறது. மேற்குக் கரையிலோ மரநிழலில் வளைந்து செல்லும் குறுகிய சாலை ஒன்று உள்ளது. ஒரே ஏரிக்கு இரண்டு கரைகள்; விரைவு ஒரு கரையில், அமைதி மறு கரையில். இரண்டும் ஒருங்கே இருக்க முடியும் என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

டெர்வென்ட்வாட்டர் ஏரியின் மேற்கே கேட்பெல்ஸ் குன்றின் அடிவாரத்தைத் தழுவிச் செல்லும் சாலையும் இத்தகையதே. விண்டர்மியரின் குறுக்கே செல்லும் படகு, மிதிவண்டிகளையும் ஏற்றிக்கொள்கிறது. அக்கரை சேர்ந்தவர் ஏரியோரக் காட்டுவழியே பயணத்தைத் தொடரலாம். 1994இல் திறக்கப்பட்ட ‘கடல் முதல் கடல் வரை’ என்னும் மிதிவண்டித் தடம், மேற்குக் கடற்கரையில் தொடங்கிக் கெசிக் நகர் வழியாகக் கிழக்குக் கடற்கரையை அடைகிறது. அதன் நீளம் ஏறத்தாழ 225 கிலோமீட்டர்.

அமைதி யாருக்கு உரியது?

‘அமைதி வேண்டும்’ என்போரிடம் நாம் ஒரு கேள்வி கேட்க வேண்டும். அந்த அமைதி யாருக்கு? 1844ஆம் ஆண்டில் விண்டர்மியர் வரை இருப்புப்பாதை அமைக்கும் திட்டத்தை வேர்ட்ஸ்வொர்த் கடுமையாக எதிர்த்தார். கூட்டம் பெருகினால் மலைநாட்டின் தனிமை அழியும் என்று அவர் அஞ்சினார். இயற்கையைச் சுவைக்கப் பயிற்சி வேண்டும். ஆலைத் தொழிலாளர்கள் பெருந்திரளாக வந்து இறங்குவதால் அவர்களுக்கும் பயன் விளையாது என்றும் எண்ணினார். எனினும் 1847இல் தொடர்வண்டி வந்தது. நகரத்துத் தொழிலாளர்களும் ஏரிகளைக் கண்டு மகிழ்ந்தனர்.

கவிஞரின் அச்சத்தில் உண்மை உண்டு. அவர் முடிவில் நியாயம் இல்லை. ஏழைகளைத் தடுத்துக் காக்கும் அமைதி, சிலருடைய தனிச்சொத்தாகிவிடும். வருவோரைக் குறைப்பதைவிட, அவர்கள் வரும் முறையை மாற்றுவதே அறம். நூறு பேர் மிதிவண்டியில் சென்றாலும் பறவையின் குரல் கேட்கும். பத்து மகிழுந்துகள் வரிசையாக நின்றால் அது கேட்பதில்லை.

புயல் கற்பித்த பாடம்

கெசிக்கிலிருந்து த்ரெல்கெல்ட் வரை கிரெட்டா ஆற்றை ஒட்டி முன்பு தொடர்வண்டி ஓடியது. 1972இல் அது நிறுத்தப்பட்டது. பின்னர் அந்த இருப்புப்பாதைத் தடம், நடப்போரும் மிதிவண்டியோரும் செல்லும் பாதையாயிற்று. 2015 டிசம்பரில் வீசிய டெஸ்மண்ட் புயலின் பெருவெள்ளம் அதன் பாலங்களை அடித்துச் சென்றது. மக்கள் அப்பாதையைக் கைவிடவில்லை. பாலங்கள் மீண்டும் எழுந்தன. மண்ணில் புதைந்து கிடந்த பழைய சுரங்கவழியும் திறக்கப்பட்டது. 2020 டிசம்பரில் பாதை மீண்டும் பயன்பாட்டுக்கு வந்தது.

அப்போது ஒரு வழக்காடல் எழுந்தது. தார்த்தளம் இட்டால் நாட்டுப்புற அழகு கெடும் என்று சிலர் எதிர்த்தனர். சமதளம் இருந்தால்தான் சக்கர நாற்காலியில் வருவோரும் குழந்தை வண்டி தள்ளும் தாய்மாரும் செல்ல முடியும் என்று மற்றவர் வாதிட்டனர். நான் இரண்டாம் தரப்பையே ஏற்கிறேன். ஐந்து கிலோமீட்டர் பாதையின் நிறம் கறுப்பதால் அழகு சிறிது குறையலாம். ஒரு முதியவர் ஆற்றங்கரைக்கே வர முடியாமற்போவது அதனினும் பெரிய இழப்பு.

மறுப்பும் விடையும்

‘மலையில் மிதிவண்டி ஓட்டுவது எல்லாருக்கும் இயலுமா?’ என்று கேட்கலாம். ஹார்ட்நாட் கணவாயில் சில இடங்களில் மூன்று அடி சென்றால் ஓரடி ஏற வேண்டியிருக்கும். அது பயிற்சி பெற்றவர்க்கே உரியது. ஆயினும் ஏரிக்கரை வழிகள் அத்துணைக் கடுமையானவை அல்ல. மின்விசையால் துணைபுரியும் மிதிவண்டிகளும் இன்று உள்ளன.

‘அங்கே வாழும் உழவர் என்ன செய்வார்?’ என்பது இதனினும் வலிய வினா. அவருக்கு வண்டி இன்றியமையாதது. மருத்துவர் ஊர்திக்கும் தடை கூடாது. ஆகவே சாலையை முற்றிலும் அடைக்குமாறு நான் கூறவில்லை. உள்ளூரார் வண்டிகளும் பேருந்தும் மெல்லச் செல்லட்டும். சுற்றுலா வருவோர் மகிழுந்தைப் பள்ளத்தாக்கின் வாயிலிலேயே நிறுத்திவிட்டு மிதிவண்டியிலோ பேருந்திலோ உள்ளே செல்லட்டும். இத்தகைய சிறுசாலைகளை ‘அமைதி வழி’களாக அறிவிக்க, 2000ஆம் ஆண்டின் பிரித்தானியப் போக்குவரத்துச் சட்டம் உள்ளாட்சிகளுக்கு வழி வகுத்துள்ளது. சட்டம் இருக்கிறது, துணிவுதான் வேண்டும்.

நமக்கு என்ன?

நைனிடாலுக்கோ கொடைக்கானலுக்கோ கோடை விடுமுறையில் சென்றவர்கள் வண்டி வரிசையில் காத்திருந்ததை மறந்திருக்கமாட்டார்கள். நெரிசலை முறைப்படுத்த நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே மாதம் முதல் மின்னனுமதிச் சீட்டு நடைமுறைக்கு வந்தது. அது வரும் வண்டிகளைக் கணக்கிட உதவும். வந்தபின் எவ்வாறு செல்வது என்பதற்கும் விடை வேண்டும். கொடைக்கானல் ஏரியைச் சுற்றி வாடகை மிதிவண்டி ஓட்டும் சிறுவர்களின் முகத்தில் அவ்விடையின் ஒரு பகுதி தெரிகிறது.

அடுத்த முறை ஓர் ஏரிக்கரைக்குச் செல்லும்போது, மாணவர்களே, ஒரு சுற்றாவது மிதிவண்டியில் சென்று பாருங்கள். அந்தக் கரையை எதற்காகக் காக்க வேண்டும் என்பது உங்களுக்கே விளங்கும்.

சொல்லும் பொருளும்

ஆரக்கால் – சக்கரத்தின் நடுவையும் விளிம்பையும் இணைக்கும் கம்பி அல்லது கட்டை
மருங்கு – பக்கம்
வழக்காடல் – வாதம்
இன்றியமையாதது – இல்லாமல் முடியாதது

சிந்தித்து எழுதுக

1. வேர்ட்ஸ்வொர்த்தின் அச்சத்தில் ஆசிரியர் எதை ஏற்கிறார்? எதை மறுக்கிறார்?
2. தார்த்தளம் குறித்த வாதத்தில் நீங்கள் எத்தரப்பைச் சார்வீர்கள்? காரணம் தருக.