பந்தைக் கொடுத்தார்கள், கோப்பையைக் கொடுத்தார்களா?

பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகும் சாலையில் கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் கிராமம். கோடையில் ஏரி வற்றிவிட்டால் அதுதான் மைதானம். சுண்ணாம்புக்கல் லாரிகளின் புழுதிக்கு நடுவே டென்னிஸ் பந்து போட்டி நடக்கும். ஊருக்கு ஒரு டீம், எங்கள் தெருவுக்கு ஒரு டீம். சுற்றுவட்டாரப் போட்டி வந்தால் மட்டும் என் பெரியப்பா மகனைத் தேடி ஊர்க்காரர்கள் பைக்கில் வருவார்கள். அண்ணன் போடும் யார்க்கரை அடிக்க அந்தப் பக்கத்தில் ஆள் கிடையாது.

ஒரு வருடம் ஃபைனலில் அண்ணன் ஐந்து விக்கெட் எடுத்தான். கோப்பையை டிராக்டரில் வைத்து மேளம் அடித்து ஊர்வலம் போனார்கள். எங்கள் தெருமுனை வரை வந்த டிராக்டர் அங்கேயே திரும்பிக்கொண்டது. அண்ணன் இறங்கி நடந்து வந்தான். மறுநாள் வைத்த பிளக்ஸில் பத்துப் பேர் படம்தான் இருந்தது.

இந்த மே மாதம் அதே டீம் என் அக்கா மகனைக் கூப்பிட்டிருக்கிறது. "போகட்டுமா மாமா?" என்று கேட்டான். போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. 1911இல் நடந்த ஒரு கிரிக்கெட் சீசனைப் பற்றிச் சொன்னேன்.

அந்த ஆண்டுதான் பல மதத்தாரும் சேர்ந்த முதல் 'அகில இந்திய' அணி இங்கிலாந்துக்குப் போனது. கேப்டன் பாட்டியாலா மகாராஜா பூபிந்தர் சிங், வயது 19. ஐந்தாம் ஜார்ஜ் முடிசூட்டு விழா, விருந்து என்று இருந்தவர், ஆடிய ஆட்டங்கள் சொற்பம். 23 ஆட்டங்களில் 6 வெற்றி, 15 தோல்வி. கணக்கைப் பார்த்தால் படுதோல்வியான சீசன்தான். ஆனால் அந்தத் தோல்விக்கு நடுவே ஒரே ஒருவர் 114 விக்கெட் எடுத்தார். அவர் பல்வங்கர் பாலு. இடதுகைச் சுழற்பந்து வீச்சாளர். வயது 35. தோள் வலியோடு ஆடினார். தோல் தொழிலோடு பிணைத்துத் தீண்டத்தகாதவர்களாக ஒதுக்கப்பட்ட சமார் சாதியில் பிறந்தவர். தம்பி சிவராமும் அந்த அணியில் இருந்தார்.

பாலு எந்த அகாடமியிலும் படித்தவர் அல்ல. பூனாவில் வெள்ளைக்காரர்களின் கிளப்பில் மாதம் 4 ரூபாய் சம்பளத்துக்கு பிட்ச் உருட்டி, வலை கட்டியவர். துரைகள் பேட்டிங் பழக மணிக்கணக்கில் பந்து போட்டார். மட்டையை அவர் கையில் யாரும் கொடுக்கவில்லை. பந்து போடுவது வேலைக்காரன் வேலை. மட்டை பிடிப்பது துரை வேலை.

வெள்ளையரை ஜெயிக்க பூனா இந்துக்களுக்கு ஒரு நல்ல பந்துவீச்சாளர் தேவைப்பட்டார். பாலுவைச் சேர்த்தார்கள். மைதானத்தில் அவர் தொட்ட பந்தையே எல்லோரும் தொட்டார்கள். தேநீர் இடைவேளையில் மட்டும் அவருக்குப் பெவிலியனுக்கு வெளியே தூக்கியெறியும் மண் கோப்பையில் டீ. சாப்பாட்டுக்குத் தனி மேசை. நம் பக்கத்து டீக்கடைகளில் தனிக் குவளை போய் பேப்பர் கப் வந்ததை நாகரிகம் என்று நினைக்கும் நண்பர்கள் இந்த மண் கோப்பையைக் கொஞ்சம் யோசித்துப் பார்க்கலாம்.

பம்பாய்க்குப் போன பிறகு மேசை ஒன்றானது. 1906இல் இந்துக்கள் ஐரோப்பியரை 109 ரன் வித்தியாசத்தில் வீழ்த்தியபோது பாலு 8 விக்கெட் எடுத்தார். ஆனால் கேப்டன் பதவி? கடைசிவரை இல்லை. அது எம்.டி. பை என்ற பிராமணருக்குப் போனது. அந்தப் பெருமை பாலுவுக்குத்தான் சேர வேண்டும் என்று பையே சொன்னார். சொன்னாலும் பதவி கைமாறவில்லை.

"தெறமையக் காட்டு, சாதி தானா மறஞ்சிரும்" என்று நம்மிடம் சொல்கிறார்களே, பாலுவை விட யார் திறமை காட்டிவிட முடியும்? திறமை அவருக்குப் பந்தை வாங்கித் தந்தது, மேசையில் ஓர் இடத்தையும் வாங்கித் தந்தது. அதிகாரத்தை வாங்கித் தரவில்லை. நம்மைப் பயன்படுத்திக்கொள்வதில் சாதிக்கு ஒருபோதும் தயக்கம் இருந்ததில்லை. நம் சொல் கேட்டு நிற்பதில்தான் அதற்குத் தயக்கம்.

கதவு அசைந்தது விக்கெட்டால் அல்ல, மறுப்பால். 1920இல் பைக்கு உடல்நலம் இல்லாதபோது பாலுவை அணியிலிருந்தே விலக்கி, இளையவரான தேவ்தரைக் கேப்டன் ஆக்கினார்கள். தம்பிகள் விட்டலும் சிவராமும் அணியை விட்டு வெளியேறி, காரணம் சாதிதான் என்று பத்திரிகைக்கு அறிக்கை கொடுத்தார்கள். தேர்வுக்குழு இறங்கி வந்தது. அடுத்த ஆட்டத்தில் பாலு துணைக் கேப்டன். 1923இல் விட்டல் கேப்டன் ஆனார். அந்த அணி கோப்பையை வென்றது.

அதே 1920இல்தான் அமெரிக்காவில் ரூப் ஃபாஸ்டர் கறுப்பினத்தவருக்கென்று தனி பேஸ்பால் லீக்கைத் தொடங்கினார். பெரிய லீக்குகள் கதவை அடைத்தன. அவர்கள் தங்கள் டீமை, தங்கள் கேப்டனை, தங்கள் கணக்குப் புத்தகத்தை உருவாக்கிக்கொண்டார்கள். ஜாக்கி ராபின்சன் 1947இல் அந்தக் கதவைத் தாண்டினார். அதற்கு முன் அவர் ஆடியதும் கறுப்பின லீக்கில்தான்.

பாலுவை நான் துதிக்கவில்லை. 1932இல் புனா ஒப்பந்தத்தின்போது அவர் காந்தியின் பக்கம் நின்றார். 1937 பம்பாய்த் தேர்தலில் காங்கிரஸ் அவரை அண்ணல் அம்பேத்கருக்கு எதிராகவே நிறுத்தியது. சுமார் 2,000 வாக்கில் பாலு தோற்றார். அணியிலும் கட்சியிலும் அவருக்குக் கிடைத்தது ஒரே வேலை: முக்கியமான ஓவரில் பந்து போடுவது. ஃபீல்டிங்கை அமைத்தது வேறு ஆட்கள். அவர் மீது எனக்குக் கோபம் இல்லை. அவரை அப்படி வைத்திருந்த ஏற்பாட்டின் மீதுதான்.

'லப்பர் பந்து' பார்த்துவிட்டுக் கைதட்டினோம். தியேட்டரிலிருந்து ஏரிக்கு வரும்போது அந்தக் கைதட்டல் எங்கே போகிறது? ஊர் டீமில் ஆடும் முற்போக்குத் தம்பிகளையும் சேர்த்துத்தான் கேட்கிறேன். உங்கள் டீமின் கேப்டன் யார்? நுழைவுக் கட்டணத்தையும் பரிசுப் பணத்தையும் யார் கையில் வைத்திருக்கிறார்கள்? கோப்பை எந்தத் தெரு வரை போகிறது? அது தெருமுனையில் திரும்பும்போது நீங்கள் டிராக்டரில் இருக்கிறீர்களா, இறங்கி நடக்கிறீர்களா?

எல்லாம் கேட்டுவிட்டு என் அக்கா மகன் போனை எடுத்தான். "வரேன்ணே, ஆடுறேன். ஜெயிச்சா கோப்பை எங்க தெரு வழியாவும் வரணும். பிளக்ஸ்ல பதினோரு பேர் படமும் இருக்கணும். சரின்னா சொல்லுங்க."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "கேட்டுட்டுச் சொல்றேன்" என்றார்கள். யாரைக் கேட்டுவிட்டு என்பதுதான் இந்தக் கட்டுரை முழுவதும் நான் பேசிக்கொண்டிருப்பது.

பதில் இன்னும் வரவில்லை. அதுவரை எங்கள் தெரு டீமுக்குப் பந்து போடுகிறான். இங்கே அவன்தான் கேப்டன்.